நாற்பதுக்கு நாற்பது

"பன்னிரண்டு பிள்ளைங்க விளையாடினாங்க சார். பன்னிரண்டு பேரும் மூணாவது குழியிலேயே விழுந்துட்டாங்க" என்று சொல்லி, டீச்சர் அந்தக் குட்டிக் கருவியை மேஜைமேல் வைத்தார்.

பொம்மைக்காரருக்குத் தலை சுற்றியது. அந்தப் பள்ளியில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பார்வை மங்கலான பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அவருடைய மகள் வாலுவும் அங்கேதான் மூன்றாம் வகுப்பு. பேருக்கு ஏற்ற பிள்ளைதான். ஆனால் எதிரே நிற்பவர் முகம் அவளுக்கு ஒரு கலங்கிய வட்டம், அவ்வளவுதான்.

அவளுக்காக ஆரம்பித்ததுதான் இந்தத் தவளை விளையாட்டு. கறுப்புத் திரையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு மஞ்சள் தவளை தத்திப் போகும். குழி வந்தால் மணி அடிக்கும். உடனே பொத்தானை அமுக்கினால் தாண்டிவிடும். இல்லையென்றால் தொபுக்கடீர்.

"மணி அடிச்சுதா டீச்சர்?"

"அடிச்சுது. விழுந்தப்புறம்தான் அடிக்குதுன்னு சொல்றாங்க. தவளை எது, குழி எதுன்னே தெரியலையாம்."

"அதெப்படி? என் பொண்ணு வீட்டுல தினமும் நாற்பதுக்கு நாற்பது தாண்டுறாளே! பக்கத்துலயே உட்கார்ந்து பார்க்கிறேன்."

"அவ பழகின ஆளு. அதனாலதான் அவளைச் சேர்க்கலை. உங்களையும் வெளியே உட்கார வெச்சேன், தப்பா நினைச்சுக்காதீங்க. செஞ்சவரு எதிர்ல இருந்தா பிள்ளைங்க தயவு தாட்சண்யம் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லிடுவாங்க."

பொம்மைக்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகத் தான் வேலை பார்க்கும் பொம்மைக் கம்பெனிக்குப் போனார். முதலாளியம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"காரணம் என்னன்னு இன்னிக்குத் தெரிஞ்சா, சரிபண்ண ரெண்டு வாரம் தர்றேன். தெரியலைன்னா தவளையைப் பெட்டியில போட்டு மூடிடுங்க. நாளையிலிருந்து நீங்க அலாரம் கடிகாரம் பண்ணலாம்."

"என் பொண்ணு விளையாடுறதை நீங்களே ஒரு தடவை பாருங்க மேடம்."

அப்பாவும் மகளும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்தார்கள். தவளை கிளம்பியது. பொம்மைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். முதல் குழி தாண்டியது. மூன்றாவது தாண்டியது. நாற்பதும் தாண்டியது.

"பார்த்தீங்களா!" அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"சத்தத்தை நிறுத்துங்க" என்றார் மேடம்.

நிறுத்தினார். மறுபடியும் நாற்பது.

"திரையையும் அணைங்க."

பொம்மைக்காரர் திரையை அணைத்துவிட்டு, ஒயரை மாட்டி, படத்தை மேடத்தின் கம்ப்யூட்டரில் ஓடவிட்டார். சோபாவிலிருந்து அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் வாலுவுக்கு அது வெறும் வெளிச்சம். அவள் கையில் இருந்தது இப்போது ஒரு கறுப்பு டப்பா.

நாற்பது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சார், சத்தமும் இல்லை, படமும் இல்லை. பின்னே எதை வெச்சு விளையாடுறா?"

"தெரியலையே மேடம்."

"செஞ்சவரு நீங்க!"

"அதான் எனக்கும் புரியலை."

"மனப்பாடம் பண்ணியிருப்பாளோ?"

"ஒவ்வொரு தடவையும் குழி இடம் மாறும் மேடம். எனக்கே தெரியாது."

"நீங்க ஏதாவது சைகை காட்டுறீங்களா?"

"என் முகமே அவளுக்குச் சரியாத் தெரியாது. சைகை காட்டி என்ன ஆகப்போகுது? வேணும்னா கையைக் கட்டிக்கிட்டு உட்காரட்டுமா?"

"வேண்டாம். கொஞ்சம் வெளியே நில்லுங்க."

பொம்மைக்காரர் தாழ்வாரத்தில் குட்டி போட்ட பூனைபோல் நடந்தார். மூன்று மாத உழைப்பு. வகுப்பு முழுக்க, 'எங்க அப்பா நமக்காகவே ஒரு கேம் பண்றாங்க' என்று வாலு தம்பட்டம் அடித்து வைத்திருக்கிறாள். அலாரம் கடிகாரத்தைக் கொண்டுபோய் அவளிடம் எப்படிக் காட்டுவது?

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கதவு திறந்தது.

"சத்தம், படம் ரெண்டையும் போட்டுத்தான் கொடுத்தேன்" என்றார் மேடம். "மூணாவது குழியிலேயே விழுந்துட்டா. மூணு தடவை."

பொம்மைக்காரர் உள்ளே ஓடி மகள் முன்னால் மண்டியிட்டார்.

"என்னம்மா ஆச்சு? எல்லாம் இல்லாதப்போ தாண்டினே. எல்லாம் இருக்கும்போது விழுந்துட்டியே?"

"நீங்க பாட்டுக்கு வெளியே போயிட்டா நான் எப்படிப்பா விளையாடறது?"

"நான் எதுக்கும்மா?"

"குழி வரும்போது நீங்கதானே மூச்சைப் பிடிப்பீங்க? நீங்க பிடிச்சா நான் அமுக்குவேன். தாண்டினதும் உஸ்ஸுன்னு விடுவீங்க."

மேடம் மேஜைக் காலண்டரை இழுத்து, இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதியில் வட்டம் போட்டார். பொம்மைக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று மாதமாக அவள் அந்தத் தவளையைக் கண்டுகொள்ளவே இல்லை.

"இதை ஏம்மா இத்தனை நாளா என்கிட்ட சொல்லலை?"

இப்போது குழம்பிப்போனது வாலு. அப்பாவின் மூச்சு வந்த பக்கமாக முகத்தைத் திருப்பிக் கேட்டாள்:

"அதுதானேப்பா கேம்?"