ஹாரன் வாய் திறக்காத காலை

ஒரு பழைய காரின் பானட்டுக்குள் ஹாரனும் டிஸ்ட்ரிபியூட்டரும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தன. பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிட்டுக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை. அது ஒரு நாள் விளையாட்டாக, "அண்ணே, உங்க குரல் ஆடு இருமுற மாதிரி ஆயிடுச்சு" என்றது. அன்றிலிருந்து ஹாரன் அதனோடு பேசுவதை நிறுத்திவிட்டது.

பழைய கார்களின் கண்காட்சிக்குப் போகும் நாள் வந்தது. காரின் சொந்தக்காரர் தேவசகாயம் எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி, பிசுக்கையெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். தண்ணீர் அடிக்கும் முன் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாலித்தீன் பையால் மூடிக் கட்டுவது அவர் வழக்கம். இந்தத் தடவை நடுவில் போன் வந்தது. பேசிவிட்டு வந்தவர் பையை மறந்து ஹோஸைக் கையில் எடுத்தார்.

ஹாரன் அதைப் பார்த்தது. ஒரு சத்தம் கொடுத்தால் போதும், அவர் நின்றுவிடுவார். 'நம்ம குரல்தான் நல்லா இல்லையே' என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டது.

எஞ்சின் புதிது போலப் பளபளத்தது. ஆனால் வண்டி கிளம்பவில்லை. சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டு டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி விரிசல் விட்டிருந்தது. தேவசகாயம் எங்கெங்கோ அலைந்தும் அந்தக் காலத்து மூடி கிடைக்கவில்லை. கடைசியில் காரை ஷெட்டுக்குள் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார்.

தார்ப்பாய்க்கு அடியில் ஹாரன்தான் முதலில் பேசியது. "வலிக்குதா தம்பி?"

"அதெல்லாம் இல்லண்ணே. அன்னிக்கு உங்க கண்ணுல படாமப் போயிடுச்சு. பட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

ஹாரன் "பார்க்கலை தம்பி" என்றது.