நம்பர் உள்பக்கம்

"மழையில வழுக்கக் கூடாது. விலையும் கையைக் கடிக்கக் கூடாது. அப்படி ஒரு டயர் இருக்கா சார்?"

அந்தப் பெண் கேட்டதும் சேல்ஸ்மேன் அவள் காருக்குப் பக்கத்தில் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டயர் சைஸைப் பார்த்தார். சொல்லி வைத்த மாதிரி, கடையில் விற்காமல் கிடக்கிற டயரின் அதே சைஸ்!

காலையில்தான் முதலாளி தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்திருந்தார். "நாலு வருஷமா அந்த நாலு டயரும் தூங்குது. இன்னிக்கு அது வெளிய போகலைன்னா, நாளைக்கு நீ உள்ள வர வேண்டாம்."

தூங்கின டயர்களுக்கு பாலிஷ் போட்டு, பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல் வாசலில் நிறுத்தியாகிவிட்டது. பார்வைக்குப் புத்தம் புதுசு. ஆனால் நகத்தால் அழுத்தினால் அமுங்காது. ரப்பர் இறுகிப் போய்விட்டது. ஈர ரோட்டில் பிரேக் போட்டால், அதற்கு எங்கே இஷ்டமோ அங்கேதான் நிற்கும்.

"போன வாரம் மழையில, சிக்னல்ல பிரேக் அடிச்சேன். வண்டி நிக்காம வழுக்கிட்டே போச்சு. முன்னாடி நின்ன பஸ்ஸுக்கும் எனக்கும் ஒரு ஜாண்தான்," என்றாள் அவள். "பின் சீட்ல அப்பா. வாரம் மூணு நாள் டயாலிஸிஸ். மழைன்னு லீவு போட முடியாதே சார்."

அவள் சொன்ன பட்ஜெட்டுக்கு நல்ல டயர் இரண்டுதான் வரும். ஈரத்தில் கெட்டியாகப் பிடிக்கிற டயர் உள்ளே ரேக்கில் இருந்தது. அதைப் பின்னால் போட்டு, அவளுடைய பழைய டயரில் தேறுகிற இரண்டை முன்னால் மாட்டினால் இந்த மழைக்காலத்தைத் தாண்டிவிடலாம்.

சொல்ல வாயெடுத்தார். கண்ணாடி அறைக்குள் முதலாளி தலை நிமிர்ந்தது. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு, வருகிற சம்பளம் ஒன்று. எடுத்த வாய் மூடிக்கொண்டது.

"அதே பட்ஜெட்ல நாலையுமே மாத்திடலாம் மேடம். இதோ, வாசல்லயே இருக்கு."

"மழையில பிடிக்குமா?"

"ரோட்டோட ஒட்டிக்கும்."

சொன்ன நாக்கு அவருக்கே கசந்தது.

அவள் பார்வை தெருவைத் தாண்டி எதிர்க்கடைப் பக்கம் போனது. கைக்கு எட்டினது நழுவிவிடுமோ?

"அங்க மட்டும் போயிடாதீங்க மேடம். அந்த மொட்டைத்தலை ஆசாமி இருக்காரே, பழைய ஸ்டாக்கைப் புதுசுன்னு தலையில கட்டிடுவார். வாயைத் திறந்தா பொய்!"

அவள் என்னவோ சொல்ல வந்தாள். அவர் இடம் கொடுக்கவில்லை. டயரின் கோடு, பள்ளம், தண்ணீர் வெளியேறும் வழி என்று மூச்சுவிடாமல் அளந்தார்.

"சரி சார். நீங்க சொல்றதையே போட்டுடுங்க."

கார் ஜாக்கில் ஏறியது. அவர் ஃபிட்டரின் காதோரம் குனிந்தார்.

"நம்பர் உள்பக்கம்."

டயர் தயாரான வாரமும் வருஷமும் அதன் ஒரு பக்கத்தில் மட்டும் நாலு எண்ணாக இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிட்டால், காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் வயசு தெரியும்.

ஃபிட்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்களா அண்ணே இப்படிச் சொல்றீங்க?"

"வேலையைப் பாருய்யா."

பில் போட உட்கார்ந்தார். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"சீக்கிரம் முடிஞ்சிடுமா சார்? நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவைக் கூட்டிட்டு வரணும்."

"முடிஞ்சிடும்," என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஏதாவது வேண்டியிருந்தது. பில்லோடு நிரப்புகிற கஸ்டமர் ஃபாரத்தில் கடைசிக் கட்டத்துக்குப் போனார்.

"எங்க கடையைப் பத்தி எப்படித் தெரிஞ்சுது மேடம்? விளம்பரமா, போர்டு பார்த்தா?"

அவள் தயங்கினாள். "தப்பா நினைக்காதீங்க. எதிர்க்கடைக்காரர்தான் அனுப்பினார்."

பேனா நின்றது.

"அவர்கிட்டதான் முதல்ல போனேன். என் சைஸ்ல, மழைக்குப் பிடிக்கிற டயர் அவர்கிட்ட இல்லையாம். 'எதிர்த்தாப்புல கண்ணாடி போட்ட ஒருத்தர் இருப்பார். இந்த டயரே இன்னும் ஒரு வருஷம் ஓடும், மாத்தாதேன்னு வந்த கஸ்டமரையே திருப்பி அனுப்பின மனுஷன். அவர் குடுக்கறதைக் கண்ணை மூடிட்டு வாங்கிக்கம்மா'ன்னார். அதான் நான் வேற எதுவும் கேக்கலை."

எப்போதோ, யாருக்கோ அவர் அப்படிச் சொன்னது உண்மைதான். அவரே மறந்து போயிருந்தார். எதிரில் இருந்தவர் மறக்கவில்லை.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் எழுந்தார். மூன்று சக்கரம் பூட்டியாகிவிட்டது. ஃபிட்டர் நாலாவதை உருட்டிக்கொண்டு வந்தார்.

"நிறுத்து. எல்லாத்தையும் கழட்டு."

"அண்ணே! முதலாளி..."

"நான் பேசிக்கறேன். ரேக்ல இருக்கற நல்லது ரெண்டை எடுத்துப் பின்னாடி போடு. முன்னாடிக்கு அவங்க பழசுலயே தேறின ரெண்டு." அவள் பக்கம் திரும்பினார். "ரெண்டே போதும்மா. இப்ப நான் சொல்றதுதான் நிஜம்."

முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. முதலாளியின் செருப்புச் சத்தம் நெருங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஃபிட்டர் நல்ல டயரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "நம்பர் அண்ணே?"

"வெளிப்பக்கம்," என்றார், எதிர்க்கடையை ஏறிட்டுப் பார்க்க முடியாமல்.