மூன்றாம் பங்கு

"தோணில போனது ரெண்டு பேரு. மீனை இன்னாத்துக்குடா மூணு பங்கு வெச்சிருக்கே?" டச்சுக்காரர்களான ஒல்லாந்தரின் கோட்டைச் சேவகன் ஏரிக்கரையில் அங்கமுத்துவை அதட்டினான். கப்பலேற்ற வைத்திருந்த அடிமை ஒருவன் தப்பிவிட, அவனைத் தேடி வந்திருந்தான்.

"மூணாவது கூழைக்கடாவுக்கு ஐயா. மீனைக் கரையாண்ட ஓட்டித் தர்றது அந்தப் பறவைதான்."

"பறவைக்குப் பங்கா? வந்து துன்னட்டும், பாக்கறேன்."

சேவகன் மணலில் உட்கார்ந்துவிட்டான். அங்கமுத்துவின் தம்பி மாரிக்கு வியர்த்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கூழைக்கடா ஏரியிலிருந்து ஆடி ஆடி வந்து, தண்ணீரோரம் இருந்த மூன்றாம் பங்கை அள்ளி விழுங்கியது. சேவகன் மணலைத் தட்டிவிட்டு நடையைக் கட்டினான்.

கவிழ்த்திருந்த தோணியை அங்கமுத்து தட்டினான். "வெளியே வாப்பா. நீ வலை இழுத்ததுக்கு வெச்ச பங்கை அது துன்னுட்ச்சு. என்னுதை எடுத்துக்கோ."

"நீ சும்மா சொன்னே, அது நெசமாவே வந்துட்ச்சே அண்ணே!" என்றான் மாரி.

"ஆமாண்டா. நாளைலேர்ந்து நாலு பங்கு போடு."