விலை கேட்டு வந்தவர்

கடிகாரக் கடையில் அந்த விற்பனைப் பெண்ணுக்கு அன்று தகுதிகாண் பருவத்தின் கடைசி நாள். தேறினால்தான் வேலை நிலைக்கும். மேலாளர் சற்றுத் தள்ளி நின்று கவனித்துக்கொண்டிருந்தார். எதிரே, புதிதாக வந்திருந்த டைவிங் கடிகாரத்தைப் புரட்டிப் பார்த்தபடி ஓர் அம்மாள்.

“முந்நூறு மீட்டர் ஆழம் தாங்குமா? அவ்வளவு ஆழம் யாரும்மா போகப் போறாங்க?”

“யாரும் போகமாட்டாங்க, மேடம். ஆனா அதைத் தாங்கற கடிகாரத்துக்குள்ள மழைத்தண்ணி எட்டிக்கூடப் பார்க்காது.”

“போன மாடல்ல டயலைச் சுத்தியிருக்கற வளையம் கறுப்பு, இதுல பச்சை. அதுக்காகவா விலையைக் கால் பங்கு ஏத்தினீங்க? கடிகாரப் பைத்தியங்களே இணையத்துல கிழிகிழின்னு கிழிக்கறாங்க.”

“கிழிக்கறவங்கள்ல பாதிப் பேர் முன்பதிவும் செஞ்சிருக்காங்க, மேடம்.”

அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாங்காமலேயே வெளியேறினார். மேலாளர் அருகில் வந்தார்.

“இவங்ககிட்ட நானே பொறுமை இழந்திருப்பேன். உனக்கு வேலை நிரந்தரம்மா.”

மாலையில், தெருமுனையில் ஸ்கூட்டரோடு காத்திருந்தார் அந்த அம்மாள்.

“வேலை நிரந்தரமாயிடுச்சு, அத்தை. ஆனா வீட்டுல ஒத்திகை பார்த்தப்போ நீங்க இவ்வளவு காட்டமாப் பேசலையே?”

“உன் புருஷனை வளர்த்தவ நான். காட்டம் தானா வரும், ஏறு.”

வண்டியைக் கிளப்பிய மாமியார், பாதியில் திரும்பிப் பார்த்தார்.

“ஆனா விலை விஷயத்துல மட்டும் நான் நடிக்கலைடி. அநியாயம்.”