தங்கச்சிக்கும் ஒரு சீட்டு

ஃபுட்பால் கோட்டாவில் கிளாட்வினை இழுத்துக்கொள்ள இரண்டு கல்லூரிக் கோச்சுகள் வீடு தேடி வந்தார்கள். முதலாமவர் அவனது வீங்கிய முட்டியை அமுக்கிப் பார்த்தார். "ஒரு வருசம் பந்தையே தொடாத, தம்பி. நீ படி, வைத்தியத்த நாங்க பாத்துக்கிடுதோம்."

அடுத்தவர் முட்டியைப் பார்க்கவேயில்லை. "ஊசியப் போட்டு கிரவுண்டுல எறக்கிருவோம். தங்கச்சிக்கும் நம்ம காலேஜ்லயே சீட்டு, ஹாஸ்டலு, எல்லாம் ஃப்ரீ."

ப்ளஸ் டூ முடித்த தங்கை ஷீபா, அந்நேரம் உப்பளத்தில் வெடித்த காலோடு உப்பு வாரிக்கொண்டிருந்தாள். அவன் இரண்டாமவரின் தாளில் கையெழுத்துப் போட்டான்.

"மொதல்ல வந்தவரு நல்ல மனுசன்லா, ய்யா?" முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தபடி கேட்டாள் அம்மா.

"நல்லவருதாம்மா. ஆனா அவரு என்னைய மட்டும்லா கூப்பிட்டாரு."

அம்மா முட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மேட்ச் எப்பம்லே?"

"திங்கக்கெழம."