மருந்து வேணாம்க்கா

“இந்தக் கொல்லைக்கு மட்டும் களைமருந்து அடிச்சிடாதக்கா,” என்று கெஞ்சினான் குணசீலன்.

தாமல் கிராமத்தில் கோமளாவின் கொல்லை ஒன்றுதான் காடாகக் கிடந்தது. அடுத்த வாரம் அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இருக்கிற மானமும் போய்விடுமே என்று அவளுக்குக் கவலை.

“மாப்ள வூட்டுக்காரங்க பார்த்தா சோம்பேறிக் குடும்பம்னு சொல்லுவாங்கப்பா.”

“சொல்லட்டும்க்கா! தும்பை, குப்பைமேனி, நாயுருவின்னு விதவிதமா வேர் எறங்கினாத்தான் அடியில இருக்கிற உசுருங்க பொழைக்கும். எல்லாத்தையும் கருக்கிட்டு ஒரே பயிரை வச்சா மண்ணு பட்டினி கெடக்கும்.”

கோமளா உருகிப்போனாள். கட்டின புருஷன்கூட இந்தக் கொல்லையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

“சரிப்பா, அடிக்கல.”

அவ்வளவுதான். குணசீலன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைக் கிளறினான். கொழுத்த புழுக்களாகப் பார்த்துப் பொறுக்கி டப்பாவில் போட்டான். வேலியோரம் அவனுடைய தூண்டில் சாய்ந்திருந்தது.

“அடப்பாவி, இதுக்குத்தானா?”

“ஞாயித்துக்கிழமையானா ஏரியில மீன் புடிக்கணும்க்கா. ஊர் முழுக்க நோண்டிட்டேன், ஒரு புழு இல்ல.”

“எப்படிப்பா இருக்கும்? ஊர் பூரா அடிச்சிக்கினு இருக்கிறது உன் கடைக் களைமருந்தாச்சே!”