அக்காவின் மாப்பிள்ளை

கணவரை அடக்கம் செய்த மறுவாரமே, கறுப்பு உடையும் முகத்திரையுமாக மடத்து வாசலில் வந்து நின்றாள் ஹெர்மினே. கண்கள் அழுது வீங்கியிருந்தன. புருஷன்மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள் இளம் கன்னியாஸ்திரீ ஒருத்தி.

வியன்னாவில் ட்ராவன்ஃபெல்ஸ் வங்கிக் குடும்பத்தைத் தெரியாதவர்கள் இல்லை. அந்த வீட்டு மூத்த பெண் ஒத்தீலியாவுக்குத்தான் லோத்தார் பிரபுவை நிச்சயம் செய்திருந்தார்கள். அவனோ தங்கை ஹெர்மினேவிடம் மயங்கினான், அவளும் மயங்கிவிட்டாள்.

ஒத்தீலியா சண்டை போடவில்லை. தங்கைக்குத் தானே மணக்கோலம் செய்துவிட்டு மடத்தில் சேர்ந்துவிட்டாள். வங்கி, மாளிகை, மாப்பிள்ளை எல்லாம் சின்னவளுக்கே போய்ச் சேர்ந்தன.

பார்வையாளர் அறையின் கம்பித் தடுப்புக்கு அப்பால் வந்து உட்கார்ந்தாள் ஒத்தீலியா.

"வா ஹெர்மி. ரொம்ப இளைச்சுட்டியே."

"நான் அவருக்காக அழலக்கா. உன் வாழ்க்கையைப் பறிச்சுக்கிட்டேன். இத்தனை வருஷமா உன் முகத்துல முழிக்கத் தைரியம் வரல."

"அதெல்லாம் எதுக்கு இப்போ? விடு."

"விட முடியலக்கா. கல்யாணமான முதல் மாசமே அவர் கை நீட்டிட்டார். உடுப்பு மறைக்கிற இடமாப் பார்த்துத்தான் அடிப்பார்."

ஜெபமாலையில் ஓடிய ஒத்தீலியாவின் விரல்கள் நின்றன. "மோதிரக் கையாலயா?"

"ஆமா. அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிருப்பார். நான் சொல்லல. அக்காவுக்குப் பண்ணின துரோகத்துக்கு இது வேணும்னு ஒவ்வொரு அடியையும் வாங்கிக்கிட்டேன். வயித்துல இருந்த பிள்ளை போனப்பக்கூட அப்படித்தான் நினைச்சேன்."

கம்பிகளுக்கிடையே கையை நுழைத்து அக்காவின் விரல்களைப் பற்றினாள்.

"இப்பவாவது என்னை மன்னிச்சுட்டேன்னு சொல்லுக்கா."

ஒத்தீலியா விரல்களை மெல்ல விடுவித்துக்கொண்டாள். நாற்காலியை விட்டு எழுந்து, தங்கைக்கு எதிரே கல்தரையில் மண்டியிட்டாள்.

"என்னக்கா பண்ற? எழுந்திரு."

ஒத்தீலியா தலை நிமிரவில்லை.

"அவன் முதல்ல என்னைத்தான் அடிச்சான் ஹெர்மி. அதுக்கப்புறம்தான் அவனை உன் பக்கம் தள்ளிவிட்டேன்."